நிழல் தரும் சோலார்

நகராட்சிப் பள்ளிக் கூரையில் சோலார் பேனல் வைக்க மன்றம் ஒருமனதாகத் தீர்மானித்ததை மெச்சியே ஆகவேண்டும். தனி ஆள் என்றால், பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் வாங்கி, சத்தமில்லாமல் மாட்டிவிடுவார். பொதுக்காரியம் அப்படியா? ‘நமக்கு நாமே’ திட்டப்படி மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தார்கள். மீதியை அரசு கொடுத்தது. கூட்டிப் பார்த்தால், மொத்தமும் கொடுத்தது கவுன்சிலர்!

நன்றி சொல்லாமல் விடலாமா? சவுக்குக் கம்பு நட்டு, பேனலுக்குத் தெற்கே ஒட்டினாற்போல இருபதடி ஃபிளெக்ஸ் ஏறியது. கும்பிட்ட கையில் மோதிரக் கல் வரை துல்லியம். ஒரு பேனலில் நிழல் விழுந்தாலும் அந்த வரிசையே சோர்ந்துவிடும் என்று முனகினார் பொறியாளர். பாவம், படித்தவர். ‘நிழல் தரும் ஆலமரமே’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் படிக்கவில்லை.

மின்சாரம் வரவில்லை என்ற புகாரையும் மன்றம் தட்டிக்கழிக்கவில்லை. குழு போட்டு, ஆராய்ந்து, குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டது: வெயில். கூடுதல் பேனலுக்கு மானியம் கேட்டுத் தீர்மானம் நிறைவேறியது. இரவில் ஃபிளெக்ஸ் தெரிய ஃபோகஸ் லைட் வேண்டுமே; அதற்கு மின்வாரிய இணைப்பு மறுநாளே வந்துவிட்டது.