785 பேரில் ஒருவர்

கிழக்கு லண்டனில் ஹாக்னி பக்கம் ஏதாவது பழைய இசைத்தட்டுக் கடைக்குள் சனிக்கிழமை முற்பகலில் நுழைந்து பாருங்கள். ஆங்கில அகரவரிசையில் 'டி' எழுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். கறுப்புக் கோட்டு. அதை வாங்கியபோது அவருக்கு இருபது வயது; இப்போது கோட்டுக்கே ஐம்பது நெருங்குகிறது. பொத்தான்கள் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டன. அவர் எதையும் வாங்க வந்தவரல்ல. அந்தப் பெட்டியை யாராவது புரட்ட மாட்டார்களா என்று குளத்துக் கொக்குபோலக் காத்திருக்கிறார். புரட்டுகிற கை ஒரு வெள்ளை உறையில் தயங்கியதும் தொண்டையைச் செருமுவார்.

"நான் இதை அப்போதே வாங்கினேன்."

இந்த ஒரு வாக்கியம்தான் அவர். மற்றதெல்லாம் அதற்கு உரை.

'இது' என்று அவர் சொல்வது த்ராபிங் க்ரிஸில் என்ற நால்வர் குழுவின் முதல் எல்.பி. முதலாவதற்கு அவர்கள் வைத்த பெயர் 'தி செகண்ட் ஆன்யுவல் ரிப்போர்ட்', அதாவது இரண்டாம் ஆண்டறிக்கை. அப்படியானால் முதலாம் ஆண்டறிக்கை எங்கே என்று கேட்காதீர்கள். அன்றைக்கு அப்படி ஒன்று வெளிவரவே இல்லை. மறு வருடம் 'மூன்றாவதும் இறுதியானதுமான அறிக்கை' என்று அடுத்த தட்டைப் போட்டார்கள். அதுவும் இறுதியாக இல்லை. எண் விஷயத்தில் இத்தனை அலட்சியமாக இருந்தவர்களுக்கு ஒரே ஓர் எண் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1977 நவம்பரில், தங்களுடைய சொந்த நிறுவனமான இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ் பெயரில் முதலில் அவர்கள் அச்சடித்தது 785 பிரதிகள். நிறுவனத்தின் பெயர் பிற்பாடு ஓர் இசைவகைக்கே பெயராகிப்போனது. எண் நம்மவருக்கு ஜாதகமாகிப்போனது.

அச்சானது 785. 'அப்போதே வாங்கினேன்' என்று சொல்கிறவர்களைக் கணக்கெடுத்தால் தட்டுகள் குட்டி போட்டிருக்க வேண்டும். இதை அவரிடம் சொன்னால் கோபப்பட மாட்டார். "மற்றவர்கள் பொய் சொல்கிறார்கள்" என்பார், நிதானமாக. மற்றவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

தட்டோடு உள்ளே ரசிகர்களின் கருத்தைக் கேட்டு ஒரு கேள்வித்தாளும் இருந்ததாம். அதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். நிரப்பி அனுப்பவில்லையா என்றால் திடுக்கிட்டுப் பார்ப்பார். நிரப்பினால் விலை குறைந்துவிடும்! ஆகவே காகிதத்தில் எழுதாத கருத்துகளைப் பல்லாண்டுகளாகக் கடையில் வந்து போகிறவர்களிடம் நிரப்பிக்கொண்டிருக்கிறார்.

அப்படி அந்தத் தட்டில் என்னதான் இருக்கிறது? முதல் பக்கத்தில் சின்னதாக ஒரு முன்னுரை. பிறகு 'ஸ்லக் பெயிட்' என்ற உருப்படி மூன்று தடவை. அதற்கப்புறம் 'மேகட் டெத்' நான்கு தடவை. முன்னது தோட்டத்தில் ஓடில்லா நத்தைக்கு வைக்கிற விஷத்தீனி. பின்னது புழுவின் சாவு. விருந்துக்கு வந்தவருக்கு ஒரே பொரியலை மூன்று தரமும் ஒரே கூட்டை நான்கு தரமும் போட்டு இலையை நிரப்பிய மாதிரி. ஒன்று லண்டன் ஐ.சி.ஏ. அரங்கில் வாசித்தது, ஒன்று சவுத்தாம்ப்டனில், ஒன்று பிரைட்டனில் என்று ஊர் ஊராகப் பிடித்த பதிவுகள். இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே உருப்படி, ஏறக்குறைய இருபது நிமிடம். அவர்களே எடுத்த படத்துக்கான பின்னணி.

முதல் முறை கேட்கிறவர்களுக்கு மூன்று சந்தேகம் வரும். ஊசி தேய்ந்துவிட்டதா? பக்கத்து வீட்டில் சுவரை இடிக்கிறார்களா? பாட்டு எப்போது ஆரம்பிக்கும்? மூன்றுமே நியாயமான சந்தேகங்கள். 1977இல் நம்மவருக்கும் இதே வரிசையில் வந்தவைதான். இன்றைக்குக் கழுத்தில் கத்தியை வைத்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அன்று வீட்டில் இன்னொரு கருத்தும் வெளிவந்தது. அவருடைய அப்பா டாகன்ஹம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் ஓட்டியவர். ஷிப்ட் முடிந்து வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்று ஐந்து நிமிடம் கேட்டார். "இதைக் கேட்பதற்கு எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். நீ காசு கொடுத்தா வாங்கினாய்?" என்றார். இந்த இசையைப் பற்றி இதுவரை சொல்லப்பட்டவற்றில் இதைவிடக் கூர்மையான விமர்சனம் இருப்பதாகத் தெரியவில்லை. 'தொழில்துறை மக்களுக்கான தொழில்துறை இசை' என்பது அந்த நிறுவனத்தின் கோஷம். அந்த மக்களில் ஒருவர் கேட்டார், தீர்ப்பும் சொன்னார், சாப்பிடப் போய்விட்டார். நம்மவரின் சொற்பொழிவில் இந்தக் காட்சி மட்டும் வருவதே இல்லை.

அவரிடம் பேசுவதற்கு முன் அவருடைய அகராதியைக் கொஞ்சம் படித்துக்கொள்வது நல்லது. மற்ற ரசிகர்களிடம் பாராட்டாக இருப்பது அவரிடம் வசவு. "கேட்கவே முடியவில்லை" என்று சொல்லுங்கள், முகம் மலரும். "பாதியில் நிறுத்திவிட்டேன்" என்று சொல்லுங்கள், காபி வாங்கித் தருவார். "பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டீர்களோ, அன்றோடு உறவு முறிந்தது. குழுவின் கோஸி ஃபேன்னி டூட்டி முறையாகக் கிட்டார் கற்றுக்கொண்டவரல்ல என்பதை, பெண் பார்க்கப் போன இடத்தில் படிப்பைச் சொல்வதுபோலப் பெருமையாகச் சொல்வார். கிறிஸ் கார்ட்டர் எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகையில் வந்த வரைபடத்தை வைத்துப் பற்றவைத்த பெட்டிக்கு க்ரிஸிலைசர் என்று பெயர். எந்த ஒலியை உள்ளே விட்டாலும் அதைக் கடித்துத் துப்பும். பீட்டர் கிறிஸ்டோபர்சன் பிங்க் ஃப்ளாய்டு உறைகளுக்குப் பேர்போன ஹிப்னோசிஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தபடியே இங்கே வந்து டேப்புகளை ஓட்டினார். ஜெனிசிஸ் பி-ஓரிட்ஜ் பாஸ் கிட்டாரும் வயலினும் வாசித்துப் பாடவும் செய்தார். 'பாடினார்' என்பதற்கும் அந்த அகராதியைத்தான் பார்க்க வேண்டும். அந்த நால்வரும் மேடையில் கடிகாரத்தை வைத்து ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொள்கிறவர்கள். நம்மவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

1976 அக்டோபரில் ஐ.சி.ஏ.வில் நடந்த அவர்களுடைய கண்காட்சிக்கும் தான் போயிருந்ததாகச் சொல்வார். அதுதான் நிக்கலஸ் ஃபேர்பேர்ன் என்ற பார்லிமெண்ட் உறுப்பினர் வந்து பார்த்துவிட்டு, இவர்கள் நாகரிகத்தையே சிதைக்க வந்தவர்கள் என்று சீறிய நிகழ்ச்சி. அந்தச் சீற்றத்தை நம்மவர் தன் வீட்டுக்கு வந்த விருதுபோலச் சொல்வார். அவர்கள் சிதைத்த நாகரிகம் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் குழு ஒத்திகை பார்த்த, 'மரணத் தொழிற்சாலை' என்று பெயரிட்டிருந்த இடம் இருந்த மார்ட்டெல்லோ தெருவின் பக்கம் இப்போது காபிக் கடைகளும் புளித்த மாவு ரொட்டிக் கடைகளும். சனிக்கிழமை கடைப் பிரசங்கம் முடிந்ததும் அங்கேதான் போய் ரொட்டி வாங்குவார். அது மனைவி கொடுத்தனுப்பிய சீட்டில் இருக்கும்.

அவருடைய புலமையின் சிகரம் ஊர் வித்தியாசம். "சவுத்தாம்ப்டனில் இரைச்சலுக்கு ஒரு நேர்மை இருக்கிறது. பிரைட்டனில் கொஞ்சம் விளம்பர புத்தி கலந்துவிட்டது" என்பார். ஒருநாள் வீட்டில் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியபடி, "கேள், இதுதான் சவுத்தாம்ப்டன்" என்றார்.

"அது வாஷிங் மெஷின்" என்றாள் மனைவி.

அவர் கண்ணைத் திறந்தார். "எந்தக் கம்பெனி?" என்று கேட்டார். குரலில் ஏமாற்றம் இல்லை, ஆர்வம்தான்.

குழு அறிக்கை விட்டதோ இல்லையோ, அவர் வருடம் தவறாமல் விட்டிருக்கிறார். 1978இல் 'யுனைட்டட்' என்று காதில் இனிக்கிற மாதிரி ஒரு பாட்டு வந்ததும், "விலைபோய்விட்டார்கள்" என்று அறிவித்தார். அதே பாட்டை அடுத்த எல்.பி.யில் வேகத்தைக் கூட்டி 16 விநாடியில் முடித்தபோதுதான் மூச்சு வந்தது. 1979இல் '20 ஜாஸ் ஃபங்க் கிரேட்ஸ்' வெளிவந்தது. உறையில் நால்வரும் பச்சைப் புல்வெளியில் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். "இது வேறு யாரோ" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தப் புல்வெளி தற்கொலைகளுக்குப் பேர்போன பீச்சி ஹெட் மலைமுகடு என்று இரண்டு வருடம் கழித்து யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து அந்த வேடிக்கையை முதலில் புரிந்துகொண்டவர் அவர்தான்.

1981இல் குழு கலைந்தது. அவர் வாழ்க்கையிலேயே நிம்மதியான காலம் அது. கலைந்த குழு தவறு செய்யாது. 2004இல் மீண்டும் கூடினார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் பேசுவதுபோலப் பேசினார். 2008இல் பாரிஸில் அந்த முதல் தட்டையே மேடையில் மறுபடி வாசித்தார்கள். அதற்கு 'முப்பத்திரண்டாம் ஆண்டறிக்கை' என்று பெயர். ரயிலேறிப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். "வாசிப்பில் பிசகு இல்லை" என்று வருத்தப்பட்டார்.

ஒரு சனிக்கிழமை இருபது வயதுப் பையன் ஒருவன் அந்த வெள்ளை உறையைக் கையில் எடுத்தான். நம்மவர் தொண்டையைச் செருமினார், வாக்கியத்தைச் சொன்னார்.

"அப்படியா ஐயா? எனக்கு ரொம்பப் பிடிக்கும். இரண்டாம் பக்கத்தைப் போட்டால்தான் தூக்கமே வரும்."

"தூக்கமா?"

"ஆமாம் ஐயா. மழை பெய்கிற மாதிரி இதமாக இருக்கும். அம்மாவுக்கும் பிடிக்கும்."

நம்மவர் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பையன் விடவில்லை.

"கிறிஸ் கார்ட்டருக்கு அப்பா குழுவின் பாட்டென்றால் உயிராமே? உங்களுக்கும் 'அப்பா' பிடிக்குமா?"

நாகரிகத்தைச் சிதைக்க வந்தவர்களில் ஒருவருக்கு ஸ்வீடன் நாட்டுக் கல்யாண வீட்டுப் பாட்டின் மேல் பிரியம் என்பது ஊரறிந்த உண்மைதான். அவருக்கும் தெரியும். அதை அவர் கேள்விப்படாத உண்மைகளின் வரிசையில் சேர்த்து வைத்திருந்தார். அன்று ரொட்டி வாங்காமலே வீடு திரும்பினார்.

2017இல் மியூட் நிறுவனம் அந்தத் தட்டை மறுபடி வெளியிட்டது. கடைக்குப் போனால் யாருக்கும் கிடைக்கும். 785 என்ற ஜாதகத்துக்கு இதைவிடக் கெட்ட தசை வேறில்லை. "ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்" என்று ஒன்று வாங்கினார். பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, அந்த வருட அறிக்கையை வெளியிட்டார்: "மேல் ஸ்தாயி முழுவதையும் வெட்டிவிட்டார்கள். அந்தக் கீச்சொலி எங்கே? உயிரே அதில்தான் இருந்தது." எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் முறையிட்டார். பழைய தட்டிலும் கீச்சொலி கேட்கவில்லை என்பதைக் காலத்தால் வந்த தேய்மானம் என்று ஒதுக்கினார்.

மனைவிக்கு வேறொரு சந்தேகம். காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, பீப், பீப் என்று சத்தம் கொடுத்து, கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பல இடங்களில் அவர் அழுத்தவே இல்லை. தாளில் விழுந்த கோடு இடது பக்கம் சமதளமாக வந்து, வலது பக்கம் பீச்சி ஹெட்போலச் செங்குத்தாக இறங்கியிருந்தது. மேல் ஸ்தாயியை வெட்டியவர்கள் மியூட் நிறுவனத்தார் அல்ல.

காதுக்கு மெஷின் வந்தது. முதல் நாள் காலை உணவின்போது, அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று உள்ளங்கையால் மூடிப் பார்த்தார். 'கீ...' என்று நீண்ட விசில். கையை எடுத்தார், நின்றது. மூடினார், வந்தது. பாதி மூடினார், தணிந்து, வளைந்து, மேலேறியது. முட்டை ஆறியது. தேநீர் ஆறியது. அவருடைய முகத்தில் இருபது வயதுப் பையன் ஒருவன் வந்து உட்கார்ந்திருந்தான்.

"என்ன சத்தம் அது?" என்றாள் மனைவி.

"சவுத்தாம்ப்டன்" என்றார் அவர். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதைவிட நன்றாக இருக்கிறது" என்றார்.

அந்தத் தட்டைப் பற்றி இத்தனை ஆண்டுகளில் அவர் சொன்ன ஆயிரம் கருத்துகளில், வேறு யாரும் முந்திக்கொண்டார்களா என்று பார்க்காமல் சொன்னது இது ஒன்றுதான்.

இன்று அதைக் கேட்க 785 பேரில் ஒருவராக இருக்க வேண்டியதில்லை. தேடினால் எவருக்கும் கிடைக்கும். ஒரு தடவை முழுதாகக் கேட்டுப் பாருங்கள், கொஞ்சம் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு. சவுத்தாம்ப்டன் எங்கே முடிந்தது, பிரைட்டன் எங்கே ஆரம்பித்தது என்று புரியாவிட்டால் கவலை வேண்டாம். பாதியில் நிறுத்திவிட்டாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஹாக்னி பக்கம் போகும்போது 'டி' பெட்டியருகே நிற்பவரிடம் அதை அப்படியே சொல்லிவிடுங்கள். காபிச் செலவு அவருடையது.