வலைக்குப் பங்கு, உலைக்குப் படிவம்

எங்கள் ஊர் மாப்பிள்ளையூரணி. பெயர்க் காரணம் ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்கு ஒரே சந்தேகம்தான். ஊரணி மாப்பிள்ளையுடையது, சரி. குடம் யார் இடுப்பில் இருந்தது?

கடற்கரையில் பங்கு பிரிக்கிற நேரம் வந்து பாருங்கள். ஏலம் முடிந்து, டீசல் செலவும் ஐஸ் செலவும் கழித்து, மிச்சத்தைக் கூறு போடுவோம். கடலுக்குப் போன ஆளுக்குப் பங்கு. வள்ளத்துக்குப் பங்கு. வலைக்குப் பங்கு. இஞ்சினுக்கும் பங்கு. மரத்துக்கும் நைலானுக்கும் இரும்புக்கும்கூட வஞ்சனை செய்யாத நியாயவான்கள் நாங்கள். நடுச்சாமத்தில் எழுந்து சோறு கட்டிக் கொடுத்தவளுக்கு? அவள்தான் வீட்டில் சும்மா இருக்கிறாளே!

முத்துக்குளித்த காலத்தில், மூழ்குகிறவனின் கயிற்றை மச்சான்தான் பிடிப்பானாம். தங்கச்சி தாலி தண்ணீருக்குள் இருக்கும்போது அண்ணன் கை தளராது என்ற நம்பிக்கை. மூழ்கியவனுக்குப் பங்கு, கயிறு பிடித்தவனுக்குப் பங்கு. அடமானம் வைத்த தாலிக்கு மட்டும் கணக்கில் இடமில்லை.

2021 தேர்தலில்தான் சும்மா இருந்தவளுக்கு விலை வந்தது. மார்ச் 7 அன்று திருச்சியில் ஸ்டாலின், மாதம் ஆயிரம் என்றார். மறுநாள் மகளிர் தினம். எடப்பாடி பழனிசாமி, ஆயிரத்து ஐந்நூறு, மேற்கொண்டு வருடத்துக்கு ஆறு சிலிண்டர் என்றார். ஏலம் பார்த்து வளர்ந்தவன் என்பதால் சொல்கிறேன்: கூடையில் கிடக்கிற மீனிடம் யாரும் விலை கேட்பதில்லை.

2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. உதவி இல்லை, சலுகை இல்லை, உரிமை! வாழ்நாள் முழுக்க ஊதியமில்லாமல் உழைத்தவளுக்கு அங்கீகாரம் என்றார்கள். அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவர் கைக்கு மோதிரம் போடலாம். அடுத்த பக்கத்தில் தகுதிப் பட்டியல் எழுதியவர் கைக்கு என்ன போடுவது?

குடும்ப வருமானம் வருடத்துக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. நன்செய் ஐந்து ஏக்கருக்கு மேல் இருக்கக் கூடாது. வீட்டில் கார் நிற்கக் கூடாது. வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் எரியக் கூடாது. நிலம் யார் பெயரில்? பெரும்பாலும் மாப்பிள்ளை பெயரில். கார்? மாப்பிள்ளை பெயரில். பாத்திரம் விளக்கியவள் இவள், தகுதி பார்ப்பது அவர் சொத்தை. வறுமைக்கு உதவி என்றால் வருமானம் கேளுங்கள், நியாயம். உழைப்புக்கு மரியாதை என்றால் மீட்டர் ரீடிங் எதற்கு?

இதே விதியைக் கோட்டையிலும் வைத்துப் பார்ப்போம். “மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு, இந்த மாதச் சம்பளம் கோரிய தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. தங்கள் இல்லத்தில் 3,601 யூனிட் எரிந்துள்ளதால் தாங்கள் தகுதி பெறவில்லை. தங்கள் உழைப்பைப் பெரிதும் மதிக்கிறோம்.” எப்படி இருக்கிறது?

விண்ணப்பித்தவர்கள் 1 கோடியே 63 லட்சம். முதல் சுற்றில் தேறியவர்கள் 1 கோடியே 6 லட்சம் சொச்சம். பிறகு மேல்முறையீடு, விரிவாக்கம் என்று எண்ணிக்கை கூடியது உண்மைதான். ஆனால் அன்று தேறாத ஐம்பத்தாறு லட்சம் பேர் மறுநாள் காலையில் என்ன செய்தார்கள்? சோறு பொங்கினார்கள். உலைக்குத் தகுதி நீக்கம் தெரியாது.

தேறியவள் கணக்கையும் பார்ப்போம். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வுப்படி, வீட்டுவேலை செய்கிற பெண் அதற்கு ஒரு நாளில் 289 நிமிடம் கொடுக்கிறாள். ஆண் 88 நிமிடம். மாதம் ஆயிரத்தை அந்த நேரத்துக்கு வகுத்தால் அவளுக்கு மணிக்கு ஏழு ரூபாய்கூடத் தேறவில்லை. டீக்கடையில் பாதி கிளாஸ்கூட ஊற்ற மாட்டார்கள். படுக்கையில் கிடக்கிற மாமியாருக்குப் பீ மூத்திரம் அள்ளுவதும், பிள்ளை காய்ச்சலுக்கு விழித்திருப்பதும் இதில் சேர்த்தி இல்லை. அது தனிக் கணக்கு.

அந்த டீக்கடையில்தான் ஒருநாள் கேட்டேன். “பொம்பளையளுக்கு ஓசிக் காசு குடுத்து நாட்டைக் கெடுத்துட்டானுவ.” சொன்ன அண்ணாச்சி சட்டைப் பையில் மீன்பிடித் தடைக்கால நிவாரணம் எட்டாயிரம். 61 நாள் கடலுக்குப் போக முடியாததற்கு அந்தப் பணம் நியாயம்தான், குறைகூட. ஆனால் அது நிவாரணம், இது ஓசியா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அண்ணாச்சி வீட்டு அடுப்புக்கும் தடைக்காலமா விட்டார்கள்?

ஆயிரத்தை நான் பழிக்கவில்லை. எங்கள் தெரு அக்கா ஒருத்தி விடியுமுன் உலை இறக்கி வைத்துவிட்டு உப்பு வார அளத்துக்குப் போகிறவள். பணம் ஏறியதும் போனைக் காட்டிச் சிரித்தாள். “கேக்காமலே தாற ஆம்பளை இது ஒண்ணுதான் தம்பி.” சிரிப்பு அடங்கியதும் சொன்னாள்: “மாமியாளைப் பாத்துக்க ஒரு ஆளு கெடைச்சா இன்னும் நல்லாருக்கும்.” அதற்குப் படிவமே இல்லை.

ஆள் எப்படிக் கிடைக்கும்? ஊர்ப் பிள்ளைகளை வளர்க்கும் அங்கன்வாடிப் பெண்ணுக்கு மத்திய அரசே தருவது சம்பளமல்ல, மதிப்பூதியம். மதிப்பை முன்னால் போட்டுவிட்டால் ஊதியத்தைக் குறைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நெய்வேலிக் குடும்பம் ஒன்றின் வழக்கு. கணவர் சவுதியில் சம்பாதித்தார், மனைவி இங்கே வீட்டைக் காத்தார். அவர் வீட்டுவேலையால்தான் கணவரால் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே வாங்கிய சொத்தில் அவருக்குச் சமபங்கு என்றார் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி. உதவியும் இல்லை, தொகையும் இல்லை. பங்கு! எங்கள் கடற்கரைக்குத் தெரிந்த சொல்தான்.

வள்ளம், வலை, இஞ்சின் என்று விரல் மடக்குகிறவர் அடுத்த முறை நாலாவது விரலையும் மடக்கட்டும். அதற்கு மீட்டர் ரீடிங் தேவையில்லை.