பூஞ்சை பிடித்த கல்யாணம்

எங்கள் கல்யாண வீடியோ கேசட் பரணில், கொலு பொம்மைப் பெட்டிக்கும் ஓடாத மிக்ஸிக்கும் நடுவே ஒரு மஞ்சப்பைக்குள் கிடந்தது. போட்டுப் பார்க்கலாமே என்று யார் கேட்டாலும் "அது பூஞ்சை பிடிச்சுப் போச்சு" என்று சொல்லிவிடுவேன். இருபத்தெட்டு வருஷமாக அதே பதில்தான். 1994இல் மாயவரத்தில் நடந்த கல்யாணம். 2024இல் முப்பதாவது கல்யாண நாள் நெருங்கியபோது மகள் பரணில் ஏறினாள்.

"பூஞ்சையைத் துடைக்க முடியும்ப்பா. கடையில கொடுத்தா டிவிடியா மாத்தித் தந்துடுவாங்க."

கடை என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. "கடைக்காரன் தொலைச்சுட்டா? நானே மாத்தறேன்" என்றேன். வீட்டில் ஒரு பல்பு மாட்டுவதற்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறவன் நான். மனைவி என்னைப் பெருமையோடு பார்த்தாள். அந்தப் பெருமைக்கு நான் தகுதியானவன் இல்லை. காரணம் பிறகு வரும்.

முதலில் டெக் வேண்டும். விசிஆர் என்பது அட்டைப் பெட்டியில் அச்சடித்த பெயர். நமக்கு அது டெக்தான். ஒரு காலத்தில் டெக்கை வாடகைக்கு எடுத்து, தெருவே கூடி, விடிய விடிய மூன்று படம் பார்ப்போம். கடைசிவரை அதைத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு கடையைக் கட்டிவிட்டது. ஆகவே சென்னை ரிச்சி தெரு. நாலு கடை ஏறி இறங்கி, ஐந்தாவது கடையில் 3,500 ரூபாய்க்கு ஒன்று கிடைத்தது. "ஓடும் சார். எத்தனை நாளைக்குன்னு மட்டும் கேக்காதீங்க" என்றார் கடைக்காரர். இவ்வளவு நேர்மையான கேரண்டியை நான் வேறெங்கும் வாங்கியதில்லை.

கேசட்டின் பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்தி மூடியைத் தூக்கிப் பார்த்தோம். டேப்பின் ஓரமெல்லாம் விபூதி பூசினாற்போல் வெள்ளை. நிஜமாகவே பூஞ்சை! இத்தனை வருஷமாக நான் சொன்ன பொய்யைக் கேட்டுக் கேட்டு அது உண்மையாகவே வந்து குடியேறியிருந்தது.

பூஞ்சை பிடித்த கேசட்டை அப்படியே டெக்கில் போடக் கூடாது. உள்ளே ஹெட் பொருத்திய உருளை நொடிக்கு 25 தடவை சுற்றுகிறது. பூஞ்சை அதில் ஒட்டிக்கொண்டால், அடுத்துப் போடுகிற கேசட்டுக்கும் ஜலதோஷம் மாதிரி தொற்றிவிடும். மகள் முகக்கவசம் கட்டிக்கொண்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் டேப்பைச் சுற்றிச் சுற்றித் துடைத்தாள். மூன்று மணி நேரக் கேசட்டில் 250 மீட்டருக்கு மேல் டேப். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. பூஞ்சை ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் நன்றாகத் தின்றிருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். அது ஓரத்தோடு நின்றுவிட்டது. பூஞ்சைக்கும் நன்றியில்லை.

பிறகு வயர். டெக்கின் பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று துளைகள். மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் சத்தத்துக்கு. மூன்றும் ஒரு சின்ன யுஎஸ்பி கருவியில் போய்ச் சேரும்; அதை லேப்டாப்பில் செருக வேண்டும். செருகினேன். படம் கறுப்பு வெள்ளையில் உருண்டுகொண்டே போனது. எங்கள் கல்யாணம் ஊமைப்படக் காலத்தில் நடந்ததுபோல் இருந்தது. மென்பொருளில் அமெரிக்க முறையான என்டிஎஸ்சி இருந்திருக்கிறது. நம் ஊருக்கு பால். பாலுக்கு மாற்றியதும் கூறைப்புடவைக்கு அரக்கு நிறம் வந்தது.

ஒரு விஷயத்தில்தான் நான் ஏமாந்தேன். பென்டிரைவில் பாட்டு ஏற்றுவதுபோல் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். கேசட் அப்படி இறங்காது. மூன்று மணி நேரக் கல்யாணம் என்றால் மூன்று மணி நேரம் ஓடியே தீரும். சரி, ராத்திரி எல்லோரும் தூங்கியபின் ஓடவிட்டு, வேண்டாத இடத்தை வெட்டிவிடலாம் என்று திட்டம். சத்தத்தைக் குறைக்க மறந்தேன். பதினொன்றரை மணிக்கு நாதஸ்வரம் கேட்டு மனைவி எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னாலேயே மகள்.

ரோஜாப்பூ விரிந்து நடுவில் என் தலை வந்தது. அந்தத் தலையில் முடி இருந்தது. எங்கள் வீடியோக்காரருக்கு மணமக்களைவிடப் பந்தியின்மேல்தான் காதல். முதல் நாள் ராத்திரி பந்தியை இலை இலையாக எடுத்திருந்தார். லைட் பிடிக்கும் பையன் வெளிச்சத்தை முகத்தில் அடித்ததும் ஒவ்வொருவரும் மெல்லுவதை நிறுத்தி, அப்பளம் அடைத்த கன்னத்தோடு நேராகப் பார்க்கிறார்கள். வெளிச்சம் நகர்ந்ததும் மறுபடி மெல்லுகிறார்கள். "இது யாரு?" "உங்க பெரியப்பா." "இல்ல, உங்க சித்தப்பா." போய்ச் சேர்ந்தவர்கள் பாயசம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஊஞ்சல் முடிந்தது. நான் மெதுவாக எழுந்து டெக் பக்கம் கை நீட்டினேன்.

"ஏங்க, எதுக்கு ஓட்டறீங்க? இப்பதானே தாலி கட்டப் போறீங்க?"

உட்கார்ந்தேன். திரையில் புரோகிதர் விரலை உயர்த்தினார். நாதஸ்வரக்காரர் கன்னம் உப்பியது. நான் தாலியோடு குனிந்தேன். படம் கோடு கோடாக நெளிந்தது. நெளிந்த இடத்தில் ஆமிர் சோகைல் நின்றுகொண்டிருந்தார்.

1996 மார்ச் 9. பெங்களூரு. உலகக் கோப்பை கிரிக்கெட் காலிறுதி, இந்தியா–பாகிஸ்தான். ஊரிலிருந்து வந்த விருந்தாளிகளை ரயிலேற்ற நான் எழும்பூர் போயாக வேண்டும். கையில் காலி கேசட் இல்லை. கல்யாணக் கேசட்டின் கடைசியில் கொஞ்சம் இடம் மிச்சம் என்று தெரியும். அழித்துவிடாமலிருக்க உடைத்துவைத்திருந்த துளையின்மேல் செல்லோடேப் ஒட்டி, பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு ஓடினேன். முதல் நாள் அத்தை ஒருத்தி பாதி பார்த்து, முகூர்த்தத்துக்கு முன்னால் நிறுத்திவைத்தது எனக்கு எப்படித் தெரியும்? இருபத்திரண்டாவது நிமிஷத்தில் கரண்ட் போனது. அந்த மட்டில் முகூர்த்தத்துக்குப் பிந்தைய பந்தி பிழைத்தது.

திரையில் சோகைல் பவுண்டரி அடித்துவிட்டு, பந்து போன திசையில் மட்டையை நீட்டி வெங்கடேஷ் பிரசாத்திடம் ஏதோ சொன்னார். அடுத்த பந்தில் ஆஃப் ஸ்டம்ப் பறந்தது. என்னை அறியாமல் கை தட்டிவிட்டேன்.

மனைவி நிதானமாகத் திரும்பினாள். "அப்போ பூஞ்சைக்கு ஆமிர் சோகைல்னு பேரா?"

டிவிடியில் நல்ல தரத்தில் இரண்டு மணி நேரம்தான் கொள்ளும் என்பதால் இரண்டு டிஸ்க் ஆயிற்று. வெட்டிவிடலாம் என்று கெஞ்சினேன். தாயும் மகளும் சேர்ந்து மறுத்தார்கள். எழுதி முடித்தபின் 'ஃபைனலைஸ்' கொடுக்காததால் முதல் டிஸ்க் மைத்துனர் வீட்டு பிளேயரில் ஓடவில்லை, கொடுத்தபின் ஓடியது. அதன் மெனுவில் மகள் போட்டிருக்கும் தலைப்புகள்: மாப்பிள்ளை அழைப்பு, பந்தி, ஊஞ்சல், பிரசாத். கல்யாண நாளன்று பதினெட்டுப் பேர் கூடிப் பார்த்தார்கள். "இன்னொரு தடவை போடுங்க" என்று கேட்கப்பட்டது நான்காவது தலைப்பு மட்டும்தான்.

உங்கள் வீட்டுப் பரணிலும் கேசட் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். டெக் இன்னும் அகப்படுகிறது. ஆனால் லேபிள் ஒட்டிய முதுகின் ஓரத்தில் அந்தச் சதுரத் துளையை முதலில் பாருங்கள். அதன்மேல் செல்லோடேப் இருந்தால், வீட்டில் யாரும் இல்லாத நாளாகப் பார்த்து ஓட்டுங்கள். சத்தத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள்.