அடுக்ககத்து வைஃபையின் தள்ளாட்டம்: ஒரு பீரோவியல் நோக்கு

ஆய்வெல்லை: வடக்கே லஸ் முனை, தெற்கே அடையாறு டெப்போ, மேற்கே பனகல் பூங்கா, கிழக்கே கடல். இவ்வெல்லைக்கு அப்பால் வேளச்சேரியிலும் வைஃபை தள்ளாடுவதாகச் செவிவழிச் செய்தி உண்டு. அது இன்னொருவரின் முனைவர் பட்டத்துக்காக விட்டுவைக்கப்படுகிறது.

ஆய்வுச் சிக்கல்: ஒரே மேசை, ஒரே நாற்காலி, ஒரே லேப்டாப், மாதாமாதம் கட்டுகிற அதே பணம். அப்படியிருக்க, காலையில் 90 மெகாபிட் காட்டும் இணைப்பு இரவு எட்டு மணிக்கு நாலில் வந்து நிற்பதும், திடீரென்று நாற்பதுக்குத் தாவுவதும், ஆபீஸ் மீட்டிங்கில் நாம் வாய் திறக்கும் கணம் பார்த்துச் சுழியத்தைத் தொடுவதும் ஏன்? இவ்வினா தமிழில் இதுவரை எழுப்பப்படவில்லை. (எழுப்பப்பட்டும் இருக்கலாம், தேடிப் பார்க்க நெட் வரவில்லை.)

முன்னோர் ஆய்வுகள்: இத்துறை முன்னோடிகள் மூன்று அணியினர். முதலாவது மறுதொடக்க அணி. “ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கோ” என்னும் ஒற்றைச் சூத்திரமே இவர்களுக்கு முதல்நூலும் வழிநூலும் (மூன்றாம் மாடி மாமி, மொட்டைமாடிப் பொழிவுகள், வடாம் பிழிந்த நாள், வாய்மொழி). இவர்களைக் கேலி செய்வது எளிது. ஆனால் பல ரௌட்டர்கள் உயிர்பெற்று எழும்போதுதான் நெரிசல் குறைந்த சேனலைத் தேடிப் பிடிக்கின்றன. ஆக மாமியின் சூத்திரத்துக்கு இயற்பியல் அடிப்படை உண்டு. மாமிக்கு அது தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

இரண்டாவது கார்ப்பரேஷன் அணி. மெட்ரோவுக்குத் தோண்டுகிறார்கள், மழைநீர் வடிகாலுக்குத் தோண்டுகிறார்கள், தோண்டுகிற இடத்திலெல்லாம் கேபிள் அறுகிறது என்பது இவர்கள் துணிபு (இரண்டாம் வீட்டு மாமா, நாகேஸ்வரராவ் பூங்கா நடை உரைகள், நான்காம் சுற்று, மூச்சிரைப்பால் சில சொற்கள் சிதைந்துள்ளன). கேபிள் அறுந்தால் நெட் அடியோடு போகும், தள்ளாடாது. எனவே இக்கூற்று மறுக்கப்படுகிறது. மூன்றாவது பக்கத்து வீட்டு அணி: நம் பாஸ்வேர்டை யாரோ திருடிவிட்டார்கள் என்பது. நம் பாஸ்வேர்ட் நம் பிறந்தநாளாக இருப்பதால் இதை முற்றாகத் தள்ள இயலவில்லை.

தொன்மை: வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15 அன்று. டெலிபோன் லைனில் மோடம் கீச்சிட்டு, விநாடிக்கு 9.6 கிலோபிட் வேகத்தில் எழுத்தெழுத்தாக இறங்கிய காலம். கம்பியில்லா இணைப்புக்கு 802.11 என்ற இலக்கணம் வகுக்கப்பட்டதே 1997இல்தான். இவ்வளவு அண்மைக்காலம் என்றால் கருத்தரங்கில் ஒருவரும் நிமிர்ந்து உட்காரமாட்டார். ஆதலால் காலத்தைச் சற்றுப் பின்னோக்கித் தள்ளவேண்டியிருக்கிறது. புராணங்களில் வரும் அசரீரியே ஆதி வைஃபை என்று நிறுவ யாராவது முன்வருவார்; இந்நேரம் வந்திருப்பார். ஆனால் எந்த அசரீரியும் பாதி வாக்கியத்தில் அறுந்து “கேக்குதா? கேக்குதா?” என்றதாகச் சான்றில்லை. ஆகவே அது வைஃபை அன்று என்பதே என் முடிபு.

சான்றுள்ள தொன்மை ஜகதீச சந்திர போஸுடையது. 1895 வாக்கில் கல்கத்தாவில் அவர் கம்பியில்லாமல் அலைகளை அனுப்பி, தொலைவில் ஒரு மணியை அடிக்கவைத்தார், வெடிமருந்தையும் வெடிக்கவைத்தார். குறுக்கே சுவர் இருந்தது. பீரோ இருந்ததாக எந்தக் குறிப்பும் இல்லை. இக்கட்டுரையின் திருப்புமுனை இதுவே என்பதால் வாசகர் இவ்விடத்தில் அடிக்கோடிடலாம்.

பகுப்புமுறை: சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்துகொண்டு 1933இல் கோலன் பகுப்புமுறையைத் தந்த எஸ். ஆர். ரங்கநாதன், எந்தப் பொருளையும் ஆள், பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐந்து முகமாகப் பார்க்கச் சொன்னார். நம் பொருளுக்கு அவை வருமாறு. ஆள்: வீட்டுத் தலைவி. பொருள்: எஃகுத் தகடு. ஆற்றல்: 2.4 கிகாஹெர்ட்ஸ். இடம்: கன்னி மூலை. காலம்: இரவு எட்டு. (தி. நகர் ரங்கநாதன் தெருவுக்கும் இவருக்கும் உறவு நிறுவ நான் முயலவில்லை. பதவி உயர்வுக்குக் கட்டுரை தேவைப்படுவோர் முயலலாம்.)

அந்தத் தெருவைச் சொன்னதும் நெரிசல் நினைவுக்கு வருகிறது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை உரிமம் வேண்டாத பொதுவெளியானது 2005இல். அதில் 13 சேனல்கள் உண்டு. 13 என்பது கணக்குக்குத்தான். ஒவ்வொன்றும் அடுத்ததிலிருந்து 5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி நிற்கிறது. ஆனால் ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குக் காலை அகட்டிக்கொள்கிறது. ஒன்றையொன்று இடிக்காமல் நிற்கக்கூடியவை 1, 6, 11 என மூன்றே. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் மூன்றே மூன்று பேர் தோள் உரசாமல் நடக்கலாம் என்று சட்டம் போட்டால் எப்படியோ அப்படி. மாலை மந்தைவெளி அடுக்ககம் ஒன்றில் லேப்டாப்பின் வைஃபை பட்டியலைத் திறந்தால் மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு, பல் டாக்டர், பாட்டு டீச்சர் என்று திரை நிறைகிறது. எல்லோரும் ஒரே காற்றில் பேசுகிறார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்கவேண்டும் என்பது வைஃபையின் விதி. அந்தக் காத்திருப்புதான் நாம் பார்க்கிற சுழலும் வட்டம்.

பிட்டும் பைட்டும்: 100 மெகாபிட் என்பது விநாடிக்கு 12.5 மெகாபைட். பாதிப் புகார் இத்துடன் தீரும்.

மைக்ரோவேவ் அடுப்பு: அதுவும் 2.45 கிகாஹெர்ட்ஸ். கீழ்வீட்டில் சாம்பார் சூடாகும்வரை பொறுக்கவும்.

யுஎஸ்பி: லேப்டாப்பில் செருகிய யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் எழுப்பி, பக்கத்திலுள்ள வைஃபையைக் கெடுக்கும் என்று இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நான் இட்டுக்கட்டாத மேற்கோள்களில் இட்டுக்கட்டியதுபோல் மிகுதியும் தோன்றுவது இதுவே.

இனி, பீரோ. சென்னையிலிருந்து அந்தமானுக்கு 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட, மொத்தம் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள ஃபைபர் கேபிளில் ஒளி வங்கக் கடலுக்கு அடியில் தடுக்காமல் போய்ச் சேருகிறது. நம் வைஃபையோ ஹாலிலிருந்து உள் அறைக்குப் போய்ச் சேருவதில்லை. ஏனெனில் கடலடியில் வாஸ்து பார்ப்பதில்லை.

நம் ஆய்வெல்லைக்குள் ஒரு வீடு இப்படித்தான் அமையும். ஈசானிய மூலையில் சாமி அலமாரி. அதில் சீரியல் பல்புக்காக ஒரு பிளக் பாயின்ட். ஃபைபர் போட வந்த பையன் திசை பார்க்கவில்லை, பிளக்கைப் பார்த்தான். ஆகவே ரௌட்டர் வடகிழக்கில், பிள்ளையாருக்கும் பஞ்சாங்கத்துக்கும் நடுவில், விபூதி படிந்து, அன்றாடம் தீபாராதனை கண்டு வாழ்கிறது. நேர் எதிரே, வீட்டிலேயே மிக நீண்ட மூலைவிட்டத்தின் மறுகோடியில், தென்மேற்கான கன்னி மூலையில், வடக்கு நோக்கி பீரோ. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரின் மேசை பீரோவின் நிழலில். இதைவிடப் பொருத்தமாக வைஃபையைக் கெடுக்க ஒரு பொறியாளரை அமர்த்தினாலும் முடியாது.

பீரோவின் உடற்கூறு: நாற்புறமும் எஃகுத் தகடு. கதவில் ஆளுயரக் கண்ணாடி. அதன் பின்பூச்சும் உலோகம். உள்ளே லாக்கர், லாக்கருக்குள் வெள்ளிப் பஞ்சபாத்திரம். மேலே கொலு பொம்மைகள் அடங்கிய ட்ரங்குப் பெட்டி, அதன்மேல் மிக்ஸி வந்த காலி அட்டைப்பெட்டி (வாரண்டி முடிந்தும் எறியப்படாதது). செங்கல் சுவர் அலையைக் குடிக்கும். எஃகு திருப்பி அடிக்கும். திரும்பிய அலை, தரை, கூரை, ஃபிரிட்ஜ் என்று மோதி, நேரே வந்த அலையோடு சேர்ந்து ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் தீரும். 2.4 கிகாஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 12.5 செ.மீ. என்பதால், லேப்டாப்பை மூன்று நான்கு விரற்கடை நகர்த்தினாலே போன சிக்னல் வரும், வந்த சிக்னல் போகும். ரௌட்டரின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸுக்கு வேகம் கூடுதல். சுவரைக் கண்டால் பயமும் கூடுதல்.

இதிலிருந்து பீரோக்கதவுக் கோட்பாடு பிறக்கிறது. கதவு திறந்தால் கண்ணாடி திரும்புகிறது. கண்ணாடி திரும்பினால் அலை திரும்புகிறது. எனவே பட்டுப்புடவை எடுக்கும் நாளில் நெட் பறக்கவேண்டும். ஆண்டு முழுவதையும் இக்கோட்பாட்டால் விளக்கலாம். ஆடி: முகூர்த்தம் இல்லை, கதவு மூடியே கிடக்கும், சிக்னல் மந்தம். மார்கழி: சபாவுக்குச் சபா வேறு புடவை, கதவு மூடுவதே இல்லை, சிக்னல் உச்சம். (சீசன் மாதத்தில் வீட்டில் யாரும் இல்லாததால்தான் நெட் நன்றாக இருக்கிறது என்பார் மறுப்பாளர். அவர் கேன்டீனில் இருந்தபடி இதைச் சொல்வதால் அவருக்குக் கள ஆய்வு அனுபவம் போதாது.) பீரோவை நகர்த்திப் பார்க்கலாமே என்னும் முன்மொழிவுக்குக் கிடைத்த மதிப்புரை வருமாறு: “அதை அசைச்சா வீட்டுல தங்கம் தங்காது” (வீட்டுத் தலைவி, சமையலறை வெளியீடு, திருத்திய பதிப்பு, மாமியாரின் அணிந்துரையுடன், முதற்பதிப்பு நிச்சயதார்த்தத்தன்று, விலை: அரைநாள் பேச்சு நிறுத்தம்).

வாயு மூலைக் கட்சியையும் குறிப்பிடவேண்டும். வைஃபை காற்றில் வருவது, காற்றுக்கு அதிபதி வாயு, எனவே ரௌட்டர் வடமேற்கில் இருக்கவேண்டும் என்பது இவர்கள் வாதம். வாஸ்து நூல்கள் ரௌட்டர் பற்றி மௌனம் காக்கின்றன. அந்த மௌனத்தையே சான்றாகக் கொள்ளும் மரபு நம்மிடம் உண்டு. வேடிக்கை என்னவென்றால், வடமேற்குக்கு மாற்றினால் தொலைவு குறைகிறது, மூலைவிட்டம் விலகுகிறது, பீரோ குறுக்கே வருவதில்லை. சிக்னல் உண்மையிலேயே சீராகும். காரணம் தப்பு, விடை சரி. இதற்கும் நம் ஆய்வுலகில் முன்மாதிரிகள் உண்டு. பெயர் சொன்னால் பொன்னாடை கிடைக்காது.

கள ஆய்வு: புகார் கொடுத்தால் டெக்னீஷியன் வருவார். ரௌட்டரை ஒட்டி நின்று, தன் போனில் வேகம் பார்ப்பார். “ஃபுல்லா வருது பாருங்க சார்.”

“தம்பி, நான் உக்கார்றது உள் ரூம்ல.”

“உள்ள செவுரு இருக்குல்ல சார்.”

இந்தக் கட்டுரையில் உள்ளவை எல்லாம் இந்த நான்கு சொல்லுக்கு எழுதப்பட்ட விருத்தியுரை.

இதே நிலையைப் பன்னாட்டுக் கருத்தரங்குகளிலும் காணலாம். அவை பன்னாட்டு ஆவது மலேசியாவிலிருந்து ஒரு பேராசிரியர் ஜூமில் வருவதால். அவர் முகம் உறையும்; வாய் அசையாமல் குரல் வரும், பிறகு குரல் வராமல் வாய் அசையும். “நெட்வொர்க் இஷ்யூ” என்று ஒருங்கிணைப்பாளர் அறிவிப்பார். கட்டணம் கட்டியவர்களுக்குச் சான்றிதழும் சாம்பார் சாதமும் தரப்படும். பேராசிரியர் பேசாத உரை தொகுப்பு நூலில் முழுமையாக அச்சாகும்; பின்வருவோர் அதை மேற்கோள் காட்டுவர். அரங்கத்தின் பின்னால் போய் ரௌட்டர் எங்கே இருக்கிறது என்று பார்த்தவர் எவருமில்லை. பார்ப்பது முறையியல் ஆகாது.

முறையியல் என்று ஒன்று இருந்தால் அது இவ்வளவுதான். லேப்டாப்பை லேன் கேபிளால் ரௌட்டரோடு இணைத்து வேகம் பாருங்கள். லேப்டாப்பில் துளை இல்லையென்றால் யுஎஸ்பியில் செருகும் அடாப்டர் கிடைக்கிறது. கேபிளில் வேகம் நிலையாக இருந்தால் குற்றம் காற்றில். அங்கேயும் தள்ளாடினால் லைனில். குற்றம் காற்றில் என்றால் 2.4, 5 இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, லேப்டாப்பை 5இல் உட்காரவையுங்கள். பேட்டரியில் ஓடும்போது மின்சேமிப்பு அமைப்பு வைஃபையை மட்டுப்படுத்தும். சார்ஜரைச் செருகிப் பாருங்கள். இதற்குமேல் இத்துறையில் எழுத ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பத்திக்கு யாரும் பட்டம் தருவதில்லை.

முடிபு: ரௌட்டரைச் சாமி அலமாரியிலிருந்து இறக்கி, ஹாலுக்கும் உள் அறைக்கும் இடைப்பட்ட சுவரில், தலைக்குமேல் உயரத்தில் மாட்டுங்கள். கொஞ்சம் கேபிளும் ஓர் எலக்ட்ரீஷியனும் போதும். வீட்டில் கேட்டால் வாயு மூலை என்று சொல்லுங்கள், அனுமதி கிடைக்கும். பீரோவைத் தொடாதீர்கள்.