அரைக் கிலோ நாற்காலி: நெடுநடையர் சுமக்கும் அநாவசியங்கள் குறித்த ஆய்வு

1. வரையறையும் களமும்

நெடுநடையில் சொகுசுப் பொருள் எனப்படுவது, இல்லாவிட்டால் உயிர் போகாததும் இருந்தால் முதுகு நோவதுமான பொருள். இந்த வரையறைக்கு இரண்டு உறுப்புகளும் வேண்டும். இல்லாவிட்டால் உயிர் போகும் என்றால் அது மழைச்சட்டை, உறங்குபை, தண்ணீர் வடிகட்டி ஆகியவற்றின் இனத்தில் சேர்ந்துவிடும். முதுகு நோகாது என்றால் அது பொருளே அன்று. பாட்டு, பக்தி, பழைய பகை போன்ற எடையற்றவற்றுள் அடங்கும்.

ஆய்வுக்கு உகந்த களம் அமெரிக்காவின் இரண்டு நடைவழிகள். அப்பலாச்சியன் வழி ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி 14 மாநிலங்களைக் கடந்து மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடிகிறது. நீளம் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். பசிபிக் கிரெஸ்ட் வழி மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லைவரை ஏறத்தாழ 4,265 கிலோமீட்டர். ஒரே மூச்சில் நடந்து முடிக்க ஐந்தாறு மாதங்கள் ஆகும். சில நாளுக்கு ஒருமுறை பக்கத்து ஊரில் இறங்கிச் சாப்பாட்டுச் சாமான் வாங்கிக்கொள்வார்கள், மற்றதெல்லாம் முதுகில். வார இறுதி நடைகள் இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை. இரண்டு நாளைக்கு எவரும் எதையும் சுமந்துவிடலாம் என்பதால் அவற்றிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

2. எடைக் கணக்கு

நெடுநடையர் தம் சுமையைப் பேசும்போது சொல்லும் எண் அடிப்படை எடை. சோறு, தண்ணீர், எரிபொருள் என்று தீர்ந்துபோகிறவற்றை நீக்கிவிட்டு மிஞ்சும் சாமான்களின் எடை இது. வழக்கிலுள்ள அளவுகோலின்படி, இது 9 கிலோவுக்குக் கீழே இருந்தால் இலகு நடை; 4.5 கிலோவுக்குக் கீழே இருந்தால் அதியிலகு நடை. இரண்டாவது நெறியைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் ரே ஜார்டின். விண்வெளித் துறைப் பொறியாளராக இருந்து, பாறையேறிகளுக்கு ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்ற பிடிப்புக் கருவியைக் கண்டுபிடித்தவர். முதுகுப்பையைத் தாமே தைத்துக்கொண்டு பசிபிக் கிரெஸ்ட் வழியை நடந்தார்; அந்த வழிக்கு அவர் எழுதிய கையேடு 1992இல் வந்தது. அதன்பின் கிராம் கணக்கு ஒரு சமயம் போலவே ஆகிவிட்டது. சமயத்துக்குரிய விரதங்களும் வந்தன. அவற்றில் தலையாயது பல்துலக்கியின் காம்பைப் பாதியில் அறுப்பது. இதனால் மிச்சமாவது பத்து கிராமுக்கும் குறைவு.

இந்தச் சமயத்தில் ஒரு சந்தும் உண்டு. உடுத்தியிருப்பவை அடிப்படை எடையில் சேராது என்பது பொது விதி. ஆகவே சட்டைப்பையில் இருப்பதும் உடுத்தியதே என்று வாதிடுவோர் உண்டு. எடை போடும் நேரத்தில் கைப்பேசி, பேனாக்கத்தி, மின்கலம் ஆகியவை முதுகுப்பையிலிருந்து காற்சட்டைப் பைக்கு இடம்பெயர்வதற்கு இதுவே காரணம். தராசு ஏமாறுகிறது, முழங்கால் ஏமாறுவதில்லை.

அறுபட்ட பல்துலக்கி வைத்திருப்பவரின் அதே பையில் அரைக் கிலோ எடையுள்ள மடிப்பு நாற்காலி இருப்பதைக் காணலாம். மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் இதை முரண் என்பார்கள். இக்கட்டுரையின் துணிபு வேறு. துண்டைப் பாதியாகக் கிழிப்பதும் சட்டைக் கழுத்தின் பெயர்ச்சீட்டை வெட்டுவதும் நாற்காலிக்கு இடம் பண்ணுவதற்காகத்தான். கீரைக்காரரிடம் இரண்டு ரூபாய் பேரம் பேசிச் சேர்த்துத் தீபாவளிக்குப் பட்டுப்புடவை எடுக்கும் குடும்பக் கணக்கு இது. துறவு முழுவதும் ஓர் ஆசைக்கான முதலீடு என்று கொண்டால் முரண் மறைந்துவிடும்.

விலையை நடைவழிச் செலாவணியில் சொல்வதானால்: அரைக் கிலோ நாற்காலி அரை லிட்டர் தண்ணீருக்குச் சமம். அல்லது ஏறத்தாழ 2,900 கலோரி தரும் பீநட் பட்டருக்குச் சமம். சாயங்காலம் முதுகு சாய்வதற்காக ஒரு மனிதர் ஒரு நாள் சாப்பாட்டின் பெரும்பகுதியை ஈடு வைக்கிறார்.

3. வரலாறு

சொகுசுப் பொருள் பற்றிய முறையான சான்று 1878இல் கிடைக்கிறது. அந்த ஆண்டு ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் தெற்குப் பிரான்சின் செவென் மலைப்பகுதியில் மொதஸ்தீன் என்ற கழுதையுடன் பன்னிரண்டு நாள் நடந்தார். அனுபவம் மறு ஆண்டே நூலாயிற்று. சாமான்களில் ஆறிய ஆட்டுத்தொடை ஒன்றும் முட்டை அடிக்கும் கருவி ஒன்றும் இருந்தன. சுமப்பது கழுதையாக இருந்தும், பயணத்தின் தொடக்கத்திலேயே மூட்டை சரிந்து சரிந்து விழ, இரண்டையும் தூக்கி எறிந்தார். முட்டையடிப்பான்மேல் தமக்குப் பிரியம் இருந்ததையும் எழுதி வைத்தார். ஆட்டுத்தொடைக்கு அப்படி ஒரு வரி இல்லை. இழந்தபின் ஏக்கம் தருவதே சொகுசு என்ற விதிக்கு இது முதற்சான்று.

1948இல் எர்ல் ஷேஃபர் அப்பலாச்சியன் வழியை ஒரே தொடர்ச்சியாக நடந்து முடித்தார். அப்படி நடந்ததாக அறியப்பட்டவர்களில் அவரே முதல்வர். எடைக்கு அஞ்சியவர், ஆனால் சிறு நாட்குறிப்பு ஒன்றை விடாமல் சுமந்தார். நடப்பதற்கு நாட்குறிப்பு எந்த விதத்திலும் உதவாது. நடந்து முடித்தபின் அவர் சொன்னதை நம்பத் தயங்கியவர்களிடம் காட்ட அதுதான் உதவிற்று. இன்று அது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் இடம் பெற்ற சொகுசுப் பொருள் என்ற பெருமை முட்டையடிப்பானுக்குக் கிட்டவில்லை.

1955இல் எம்மா கேட்வுட் அதே வழியைத் தனியாக நடந்தார். வயது 67, பதினொரு பிள்ளைகளின் தாய். கான்வாஸ் காலணி, தாமே தைத்துத் தோளில் போட்டுக்கொண்ட துணிப்பை, ஒரு கம்பளி, கூடாரம் கிடையாது. மழைக்கு மறைப்பாக அவர் கொண்டுபோனது பிளாஸ்டிக் குளியலறைத் திரை. வீட்டுக் குளியலறையில் அழகுக்குத் தொங்குகிற அது, காட்டில் கூரையாயிற்று. சொகுசும் தேவையும் பொருளின் குணம் அல்ல, இடத்தின் குணம் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று இல்லை.

4. வகைகள்

இருக்கை. முதல் வகுப்பு, மடிப்பு நாற்காலி. அலுமினியக் குழல்கள் உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிற்றின் இழுப்பில் தாமாகவே சடக்கென்று கோத்துக்கொள்ளும். துணியின் நான்கு மூலைகளில் மூன்றை மாட்டுவது எளிது. நான்காவது மூலைக்கு முழங்காலால் மிதிக்க வேண்டும். மண் இளகியிருந்தால் கால்கள் உள்ளே இறங்கி, உட்கார்ந்தவர் மெல்லப் பின்னோக்கிச் சாய்வார். ஏழைகளின் இருக்கை, படுக்கைப் பாயிலிருந்து வெட்டிய நுரைத் துண்டு, ஐம்பது கிராம்தான். பசிபிக் கிரெஸ்ட் வழி கடக்கும் சியரா நெவாடா மலைகளின் சில பகுதிகளில் கரடி திறக்க முடியாத உணவுக்கலம் கொண்டுபோவது கட்டாயம். ஒரு கிலோ அளவில் இருக்கும் அந்த உருளையைக் கவிழ்த்தால் முக்காலி. சட்டம் சுமத்திய எடையைச் சொகுசாக மாற்றிக்கொண்ட ஒரே நிகழ்வாக இது குறிக்கத்தக்கது.

தலையணை. ஊதித் தலைக்கு வைத்துக்கொள்வது. எழுபது கிராம் அளவு. துணிப்பையில் மாற்றுடையைத் திணித்தால் தலையணை ஆகிவிடும் என்பது பழமைவாதிகள் கட்சி. குளிரும் இரவில் தலையணை முழுவதையும் உடுத்திக்கொள்ள நேர்வதால் அந்தக் கட்சி ஆள் குறைந்து வருகிறது.

காப்பி. சில கிராமில் அடங்கும் உடனடிப் பொடி இருந்தும் இவ்வகை ஒழியவில்லை. பறக்கும் வளையம் செய்து பெயர் பெற்ற ஆலன் ஆட்லர் 2005இல் சந்தைக்குக் கொண்டுவந்த ஏரோபிரஸ் என்ற காப்பி வடிப்பானைச் சிலர் சுமக்கிறார்கள். இன்னும் சிலர் இத்தாலிய மோகா பாத்திரம். காப்பிப் பிரியர்களிடம் எடை பற்றிப் பேச்செடுப்பது பயனற்றது. அவர்கள் அதை மருந்துப் பெட்டியின் கீழ்க் கணக்கெழுதுகிறார்கள்.

வாசிப்பு. கிண்டில் மின்னூல் வாசிப்பான் ஏறத்தாழ 160 முதல் 200 கிராம். அச்சு நூலுக்கு வேறொரு வசதி உண்டு. 1995இல் பசிபிக் கிரெஸ்ட் வழியில் நடந்த செரில் ஸ்ட்ரெய்ட், படித்து முடித்த பக்கங்களை எரித்துக்கொண்டே போனதாக ‘வைல்ட்’ நூலில் எழுதியிருக்கிறார். படிக்கப் படிக்க எடை குறையும் பொருள் என்ற வகையில் இது தனித்தன்மையது. விஸ்கிக் குப்பியும் இவ்வினத்தில் சேரும் எனினும் அதன் எடை முதல் இரவிலேயே தீர்ந்துவிடுவதால் நீண்டகால அவதானிப்புக்கு இடமில்லை.

இசை. யுகலேலி, வாய் ஆர்கன், குழல். இவ்வகைக்கு மட்டும் இரட்டை எடை: ஒன்று சுமப்பவர் முதுகில், மற்றொன்று கேட்பவர் காதில். ஒரே பாட்டில் மூன்று சுரங்கள் தெரிந்தவரே பெரும்பாலும் கருவியைச் சுமக்கிறார்.

மாற்றுக் காலணி. 2002இல் படகோட்டிகளுக்கென்று விற்கத் தொடங்கிய க்ராக்ஸ், மலைகளில்தான் முதுகுப்பையின் வெளியே கொளுவிக்கொண்டு ஆடுகிறது. ஈரக் காலுறையைக் கழற்றி அதில் காலை நுழைக்கும் கணத்தில் எவர் முகத்திலும் எடைக் கணக்கு தெரிவதில்லை.

குடை. எடைக்குறைப்பின் தந்தையான ஜார்டினே குடையைப் பரிந்துரைத்தவர் என்பதால் இது உரையாசிரியர்களுக்குச் சங்கடம் தரும் வகை. தெற்குக் கலிபோர்னியப் பாலையில் வெள்ளிப்பூச்சுக் குடை நிழல் தருகிறது, அங்கே தேவை. அதே குடை ஓரிகான் காட்டு நிழலில் சொகுசு. மாநில எல்லையில் இனம் மாறும் பொருள் இது ஒன்றே.

5. தடையும் விடையும்

‘இரண்டு பயன் உடையது சொகுசாகாது’ என்பர் ஒரு சாரார். நாற்காலித் துணியைத் தரைவிரிப்பாகவும், யுகலேலியைத் துடுப்பாகவும் பயன்படுத்தலாம் என்று அவர்கள் எடுத்துக்காட்டுவர். அஃது அங்ஙனம் அன்று. இரண்டாவது பயன், வாங்கியபின் மனைவிக்கோ கணவனுக்கோ விளக்கம் சொல்லும்போதுதான் முதன்முதலில் தோன்றுகிறது. ஆதலால் அது காரணம் ஆகாது, சமாதானமே ஆகும்.

‘உட்கார மரக்கட்டை இருக்க நாற்காலி எதற்கு’ என்பர் வேறொரு சாரார். மரக்கட்டைக்கு முதுகு இல்லை, எறும்பு உண்டு, மழை பெய்த மறுநாள் அது ஈரம். மேலும் இவ்வாறு கேட்பவர், நாற்காலிக்காரர் தண்ணீர் மொள்ளப் போன இடைவெளியில் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

6. உதிர்வு

ஸ்பிரிங்கர் மலையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் நீல் கேப் என்ற கணவாய் இருக்கிறது. நடைவழியே அங்குள்ள கல் கட்டடத்தின் நடுவே நுழைந்து போகிறது. கட்டடத்தில் ஒரு சாமான் கடை. வந்து சேரும் புதியவர்களின் பையைக் கொட்டிப் பரப்பி, வேண்டாதவற்றைப் பிரித்துப் பார்சலாக வீட்டுக்கு அனுப்பி வைப்பது அந்தக் கடையின் தொழில்களில் ஒன்று. வெளியே நின்ற மரத்தில் கைவிடப்பட்ட காலணிகள் காய்த்துத் தொங்கியதும் உண்டு. வீட்டு வரவேற்பறையில் எடை தெரியாமல் இருந்த பொருள், கணவாய்க்குச் சற்று முன்பு ஏறி இறங்கிய பிளட் மலையில் தன் எடையைச் சொல்லிவிடுகிறது.

பார்சல் செலவுக்கு மனம் ஒப்பாதவர்களுக்கு விடுதிகளில் பொதுப்பெட்டி உண்டு. வேண்டாததைப் போடலாம், வேண்டியதை எடுக்கலாம், கணக்கில்லை, காசில்லை. உள்ளே பாதி தீர்ந்த ஓட்ஸ், ஒற்றைக் கையுறை, ஊதினால் நிற்காத தலையணை, பெயர் எழுதாத ஜிப் உறையில் வெள்ளைப் பொடி ஆகியவை இருக்கும். பொடி பாலாகவும் இருக்கலாம், உருளைக்கிழங்கு மாவாகவும் இருக்கலாம். கொதிநீர் விட்டால்தான் தெரியும். ஒருவர் சபித்துக்கொண்டே போட்ட மோகா பாத்திரத்தை அடுத்தவர் புதையல் கிடைத்ததுபோல் எடுத்துப் போவதும், அவரே அடுத்த ஊர்ப் பெட்டியில் அதைப் போடுவதும் நடக்கக்கூடியவை. இம்முறையில் ஒரு பாத்திரம் மனிதர்களின் முதுகில் மாறி மாறி ஏறி, தான் ஒரு காப்பியும் போடாமலே வடக்கு நோக்கிப் பயணம் செய்ய முடியும்.

7. முடிபு

மேற்கண்டவற்றால் பெறப்படுவன மூன்று. முதலாவது, சொகுசுப் பொருளை வீட்டில் இருந்து தீர்மானிக்க முடியாது. முதல் மலையும் முதல் அஞ்சலகமும் தாண்டியும் பையில் தங்கியிருப்பது எதுவோ அது அவருக்குத் தேவைப் பொருள், வேறு யார் என்ன பெயரிட்டாலும். இரண்டாவது, ஒருவர் பையில் இருப்பதை எடை போடும் உரிமை, அதைச் சுமப்பவருக்கே உண்டு. அதில் உட்கார ஆசைப்படுகிறவருக்கு நிச்சயமாக இல்லை. மூன்றாவது, முதுகு தாங்குவது ஒரு சொகுசுப் பொருளைத்தான். நெடுநடைக்குக் கிளம்புவோர் ஒன்றை ஆசைக்கு எடுத்துக்கொள்ளலாம்; இரண்டாவதைப் பார்சல் கூலி கையில் இருந்தால் மட்டும் எடுத்துக்கொள்க.