தூண்டிக்காரர்

அவர் வீட்டு ஃபிரீசரைத் திறப்பதென்றால் கொஞ்சம் தள்ளி நின்றே திறங்கள். ஐஸ்கிரீம் டப்பாவில் கோழிக்குடல் இருக்கும். அது கெளுத்திக்கு. பக்கத்தில் பச்சை நிறத்தில், பாண்டான் மணத்தோடு ஓர் உருண்டை இருக்கும். பலகாரமென்று பிள்ளைகள் வாயில் போட்டுவிடக் கூடாது. அது பாத்தினுக்கு.

தூண்டிக்காரர் மீன் பிடிப்பதைப் பார்த்தவர்கள் குறைவு. இரை பிசைவதைப் பார்க்காதவர்கள் இல்லை. சனிக்கிழமை மத்தியானம் சமையலறை அவருடையது. மீன் தீவனத் தூள், நேற்றைய ரொட்டி, கறிக்கென்று பிழிந்து வைத்த தேங்காய்ப்பால், தீபாவளி கேக்குக்காக ஒளித்து வைத்த எசென்ஸ் எல்லாம் ஒரே பேசனில் விழும். சப்பாத்தி மாவு பிசையச் சொன்னால் மணிக்கட்டு வலிக்கும் மனிதர், இதை மட்டும் அரை மணி நேரம் அலுக்காமல் பிசைவார். கிள்ளிப் பார்ப்பார். மோந்து பார்ப்பார். சில நேரம் நாக்கிலும் வைத்துப் பார்ப்பார். சாம்பாரில் உப்பு இல்லாததைக் கண்டுபிடிக்காத நாக்கு, பாத்தினுக்கு இனிப்பு பத்தாததைக் கண்டுபிடித்துவிடும்.

"காது மடல் பதம் வரணும்லா. கெட்டியா இருந்தா கரையாது, எளக்கமா இருந்தா முள்ளுல நிக்காது."

இது பரம ரகசியம். கூடப்பிறந்த தம்பி கேட்டாலும் எசென்ஸில் ஒரு சொட்டைக் குறைத்தே சொல்வார். கிள்ளான் பக்கம் மணிக்கணக்குக்குக் காசு வாங்கும் மீன்குளங்களில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அத்தனை பேர் மடியிலும் இதே பரம ரகசியம் பச்சை உருண்டையாக இருக்கிறது. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் முதலாளி அதைப் பொட்டலம் கட்டி விற்கவும் விற்கிறார்.

மீன் கடிக்காவிட்டால் குற்றம் உலகத்தின் மேல். மழை பெய்திருந்தால், "மேல குளிரு, கீழ சூடு, மீனு வாய மூடிக்கிச்சி." பெய்யாவிட்டால், தண்ணீரில் காற்று இல்லை. நிலா இருந்தால் வெளிச்சம் அதிகம். மழையும் நிலாவும் சரியாக இருந்த அன்றைக்கு, முதலாளி சாயங்காலமே தீவனம் கொட்டி மீனின் வயிற்றை நிரப்பிவிட்டான். வாட்ஸ்அப் குழுவுக்கு "கும்பாவ்" என்று ஒற்றைச் சொல்லில் தோல்விச் செய்தி போகும். காரணங்கள் மட்டும் குரல்பதிவாகப் பின்னால் வந்துகொண்டே இருக்கும். அதில் இரையைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில் ரொட்டி சானாய் ஆறிக்கொண்டிருக்க, கைப்பேசியை நீட்டினார். அமெரிக்காவின் மினசோட்டாவில் லீச் ஏரி. ஏரி முழுக்கப் பனிக்கட்டி. அதில் ஓட்டை போட்டு, கம்பளிக்குள் மூழ்கிய ஆட்கள் நடு இரவில் தூண்டி போடுகிறார்கள். பிடிப்பது பர்பட் என்றொரு மீன்: விலாங்கு மாதிரி உடம்பு, தாடையில் ஒற்றை மீசை. கோட் மீன் குடும்பத்தில் ஆயுள் முழுக்க நன்னீரிலேயே கிடப்பது இது ஒன்றுதானாம். மற்ற மீன்கள் பலவும் வசந்தத்துக்குக் காத்திருக்க, இது கடுங்குளிரில், பனிக்கட்டிக்கு அடியில் முட்டையிடுமாம். ஏரிக்கரையில் இருக்கும் வாக்கர் ஊர்க்காரர்கள் 1979இல் இதற்குத் திருவிழாவே தொடங்கிவிட்டார்கள். இவ்வளவையும் நான் கேட்கவில்லை. தே தாரிக் மட்டும்தான் கேட்டேன்.

"இவனுங்க என்ன எர போடுறானுங்க தெரியுமா? வெறும் மீன் தலை!" முகத்தில் அப்படியொரு இரக்கம். "பாண்டான் போட்டுப் பாக்கணும். குளத்துல மீனே மிஞ்சாது."

புரட்டாசியில் வீட்டில் மீன் சமையல் கிடையாது. ஆனால் தூண்டிக்கு விரதம் இல்லையாம், பிடித்து உடனே விட்டுவிடுவாராம். விடுவதற்கு முதலில் பிடிக்க வேண்டுமே.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். எங்கள் வரிசையில் யாருக்காவது ஆபரேஷன், வயிற்றைக் கிழித்துப் பிரசவம் என்றால், அடுத்த நாளே பூச்சோங் பக்கம் பழைய ஈயக்குட்டையைத் தேடிப் போய்விடுவார். காயம் ஆற விரால் சூப் நல்லது என்பது இங்கே மலாய்க்காரர், தமிழர், சீனர் எல்லாருக்கும் பொதுவான நம்பிக்கை. உயிரோடு துள்ளும் விராலை வாளியில் கொண்டுவந்து வாசலில் வைப்பார். காசு கொடுத்தால் கோபம் வரும். அதற்கு அவர் போடும் இரை ஒரு தவளை. எசென்ஸ் கிடையாது, பிசைவது கிடையாது, மீனும் ஒழுங்காகக் கிடைக்கிறது. இந்த இரண்டையும் அவர் இன்னும் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஆனாலும் கேட்கிறேன். மிதவையை இரவெல்லாம் பார்த்துக்கொண்டு உட்கார முடிந்த மனிதருக்கு, மகனின் கணக்கு நோட்டை ஐந்து நிமிடம் பார்க்க ஏன் பொறுமை இல்லை? "மீன் ஓடிடும், மெதுவாப் பேசு" என்று குளத்தில் கிசுகிசுப்பவர், வீட்டில் ஏன் கத்துகிறார்? போன மாதம் சிங்கி அடைத்துக்கொண்டது. அவர் மனைவியின் சிங்கி என்று எழுத நினைத்தேன். போகட்டும், என் சிங்கிதான். இரண்டு நாள் பாத்திரத்தைக் குளியலறையில் கழுவினேன். கடைசியில் பைப்பு ரிப்பேர் செய்யும் தம்பியைக் கூப்பிட்டேன். குழாயைக் கழற்றினான். உள்ளே இறுகிப்போன பச்சை மாவு. ஒரு விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனான்.

"அண்ணே, பாத்தினுக்கா?"

"ஆமாம் தம்பி."

"எசென்ஸ் எத்தன சொட்டு?"

குழாயைத் தரையில் வைத்துவிட்டு இருவரும் திண்ணைக்குப் போனார்கள். ஒரு சொட்டைக் குறைத்துச் சொல்வது எனக்கு உள்ளேயே கேட்டது. தேத்தண்ணி கேட்டார்கள். பாத்திரம் கழுவ இடமில்லை என்று சொல்லி அனுப்பினேன்.