கோவண்டிக்கு 200 மைக்ரோகிராம் கருணை

பம்பாயின் கோவண்டிவாசிகளே, கவலையை விடுங்கள். உங்கள் உடம்பில் இன்சுலின் வேலை செய்யவில்லை என்றால் அதற்குக் காரணம் வயிறு நிரப்பும் பாவ் ரொட்டியும் இல்லை, தூக்கம் கெடுக்கும் இரவு ஷிப்டும் இல்லை. குரோமியம் குறைச்சலாம்! மருந்துக்கடையில் டப்பா டப்பாவாக நிற்கிறது குரோமியம் பிக்கோலினேட். மாத்திரைக்கு 200 மைக்ரோகிராம். விழுங்கிவிட்டுப் பழையபடி கிடக்கலாம்.

இந்த மகிமைக்கு வயது அறுபதுக்கு மேல். எலிகளுக்கு ஈஸ்ட் கொடுத்துப் பார்த்த ஷ்வார்ஸும் மெர்ட்ஸும் 1959இல் குரோமியத்தைச் சர்க்கரையோடு முடிச்சுப் போட்டார்கள். அதன் பிறகு ஓர் ஆய்வு ஆம் என்றது, இன்னோர் ஆய்வு இல்லை என்றது. 2005இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கொடுத்த சான்றிதழைக் கேளுங்கள்: சின்ன ஆய்வு ஒன்றின்படி இன்சுலின் எதிர்ப்பு குறையலாம், ஆனால் அப்படியொரு தொடர்பு இருப்பதே பெரும் சந்தேகம். இதையும் சேர்த்து அச்சடித்தால்தான் டப்பாவில் போட அனுமதி. மாப்பிள்ளைக்கு வேலை இருந்தாலும் இருக்கும் என்று தரகரே எழுதிக் கொடுத்த ஜாதகம் இது. 2014இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஆரோக்கியமானவர்களுக்குக் குரோமியத்தால் நன்மை என்பதற்கு ஆதாரமே இல்லை என்று கையை விரித்தது.

சரி, குறைச்சல் என்றே வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 25 முதல் 35 மைக்ரோகிராம் போதும் என்பது அமெரிக்கக் கணக்கு. தவிடு நீக்காத தானியத்தில் அது உண்டு. தீட்டிய அரிசியிலும் மைதாவிலும் பெரும்பகுதி போய்விடுகிறது. நீக்கி விற்றாலும் லாபம், அடைத்து விற்றாலும் லாபம். நம் வீட்டு எவர்சில்வர் தட்டில்கூட நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு வரை குரோமியம்தான். தட்டை நக்கினால் சுகர் இறங்கும் என்று இன்னும் ஒருவரும் விளம்பரம் கொடுக்காதது ஆச்சரியம். ராணிப்பேட்டைக்காரர்கள் இன்னும் கொடுத்துவைத்தவர்கள். அங்கே 1995இல் மூடிய தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவைக் குவித்துவிட்டுப் போனது. அது நிலத்தடி நீரில் இலவசமாகவே கலந்தது. மாத்திரையில் இருக்கும் குரோமியம் வேறு, அந்த நச்சுக் குரோமியம் வேறு. வேறுபாட்டை விளக்க வேதியியல் இருந்தது. கழிவை அள்ளத்தான் பல பத்தாண்டுகள் நாதியில்லை.

நிஜமாகவே வேலை செய்யும் வைத்தியம் ஒன்று உண்டு. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. உணவுக் கட்டுப்பாடும் நடையும் நோய் வரும் அபாயத்தை 28.5 சதவீதம் குறைத்தன. மெட்பார்மின் மாத்திரை 26.4 சதவீதம். ஆகவே நடங்கள், மக்களே!

எங்கே நடப்பது? கோவண்டியின் நட்வர் பாரேக் காம்பவுண்டு குடியிருப்பில் கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே மூன்று மீட்டர் சந்து. வெயிலே உள்ளே வர யோசிக்கிறது. காசநோய் மட்டும் யோசிக்காமல் வருகிறது. அதைவிட்டால் தேவனார் குப்பைமேடு. 1927 முதல் பம்பாயின் குப்பையை வாங்கிக்கொள்ளும் மலை. 2016இல் அது எரிந்த புகை விண்வெளியிலிருந்து தெரிந்தது; மாநகராட்சி அலுவலகத்திலிருந்து தெரிந்ததா என்பது வேறு கேள்வி. அந்த மேட்டில்தான் 124 ஏக்கரை 2024இல் தாராவி மறுகுடியமர்வுக்கு அரசு ஒதுக்கியது. இனி தாராவித் தமிழர்களும் இங்கே வந்து நடைப்பயிற்சி செய்யலாம்.

நாட்டில் 13.6 கோடிப் பேர் சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. மருத்துவருக்கு அது எச்சரிக்கை. டப்பாக்காரருக்கு அது சந்தை.

கோவண்டிக்கு வேண்டியது நடக்க மைதானம், விட மூச்சு, ஆஸ்பத்திரியில் தீராத மெட்பார்மின். இவற்றைக் கொடுக்க வக்கில்லாதவர்கள், ஏழையிடம் 'வாழ்க்கை முறையை மாற்றிக்கொள்' என்று உபதேசிக்கும் வாயை முதலில் மூடட்டும்.